இறக்கிய சீட்டு எப்போது செல்லும்?

கேள்வி: தேர் முடிந்து கோயிலால் வந்த பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் கூடத்தில் இருந்து 'மேஜிக்' என்று ஒரு சீட்டாட்டம் ஆடினார்கள். பேரனுக்கு 15 வயது, பேத்திக்கு 17. பேரன் 'லைட்னிங் போல்ட்' என்ற சீட்டைப் போட்டுப் பேத்தியின் மிருகம் ஒன்றை அடித்தான். அவள் உடனே 'அன்சம்மன்' என்று ஒன்றைப் போட்டு, அந்த மிருகத்தைத் தன் கைக்கே திருப்பி எடுத்துவிட்டாள். "அப்ப அந்த அடி உனக்கு" என்றான் அவன். "ஏலாது, உன்ர காட் கவுண்டர் ஆயிட்டுது" என்றாள் அவள். "அப்படியெண்டா என்ர காட்டைத் திருப்பித் தா" என்று அவன் கையை நீட்ட, சண்டை தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு சண்டை: யாரும் குறி வைக்க முடியாது என்று எழுதியிருந்த பேரனின் மிருகத்தையும் பேத்தி ஒரே சீட்டில் கொன்றுவிட்டாள். "அம்மம்மா, நீங்களே சொல்லுங்கோ" என்று என்னிடம் வந்தார்கள். 304 சீட்டாட்டம் என்றால் என்னை ஏமாற்ற ஆளில்லை. இது ஒன்றும் விளங்கவில்லை. அடித்த அடி எப்போது ரத்தாகும், எப்போது ஆகாது?

— ஓர் அம்மம்மா, வெஸ்ட் ஈலிங், லண்டன்

பதில்: அம்மா, பிள்ளைகள் காத்திருப்பார்கள், தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பேரன் அந்த அடியைப் பேத்தி மேல் திருப்ப முடியாது. சீட்டும் அவன் கைக்குத் திரும்பி வராது. பேத்தி சொன்ன முடிவு சரி. அவள் சொன்ன காரணம் 2018 வரைக்கும் சரியாக இருந்தது. இரண்டாவது சண்டையிலும் நியாயம் அவள் பக்கம்தான். இனி ஏன் என்று பார்ப்போம்.

இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கும் எல்லோருக்கும் வரும் ஓர் எண்ணம் உண்டு: சீட்டை மேசையில் போட்டால் காரியம் நடந்துவிட்டது என்பது. லைட்னிங் போல்ட் இறங்கியது, ஆகவே இடி விழுந்துவிட்டது. விழுந்த இடியை வேறொருவர் தடுப்பதென்றால் அது அளாப்பி விளையாட்டு. பேரன் கேட்டதற்கு அடியில் இருப்பதும் இதே எண்ணம்தான். 'நான் அடித்தாயிற்று, ஆள் ஓடிவிட்டால் அடி எங்காவது விழத்தானே வேண்டும்?'

உண்மையில் மேஜிக்கில் சீட்டை இறக்குவது ஓர் அறிவிப்பு மட்டுமே. 'இதைச் செய்யப் போகிறேன், இவரைக் குறி வைத்து' என்று சபையில் சொல்வதோடு அது சரி. காரியம் நடப்பது பிறகு. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. உங்கள் பேரப்பிள்ளைகளின் சண்டை மட்டுமல்ல, பெரிய போட்டிகளில் நடுவரைக் கூப்பிட வைக்கும் சண்டைகளில் பலவும் இந்த இடைவெளிக்குள்தான் பிறக்கின்றன.

304 ஆடியவருக்கு இதை விளக்குவது எளிது. துரும்பு இன்னும் மூடியிருக்கும்போது, கேட்ட இனம் கையில் இல்லாதவர் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடுவார் அல்லவா? சீட்டு மேசையில் கிடக்கிறது. ஆனால் அது வெட்டா, வெறும் கழிவா என்பது அந்தச் சுற்றின் முடிவில் பார்த்தால்தான் தெரியும். மேஜிக்கில் நிலம் தவிர ஏறக்குறைய ஒவ்வொரு சீட்டும் கொஞ்ச நேரம் அப்படிக் கிடக்கிறது. ஒரே வித்தியாசம், முகம் மேலே பார்த்திருக்கும். எதிராளிக்கு எல்லாம் தெரியும், பதில் சொல்லவும் அவகாசம் உண்டு.

பின்னணி சுருக்கமாக. மேஜிக்: தி கேதரிங் 1993-இல் வந்தது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். வெளியிட்டது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனம். 304-இல் 32 சீட்டு, குலான் 30, ஒன்பது 20 என்று எண்ணிக்கை எல்லோருக்கும் மனப்பாடம். இங்கே வெவ்வேறு சீட்டுகளே 25,000-க்கு மேல். ஒவ்வொன்றிலும் தனித் தனி வாசகம். அதனால் விதிநூல் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீள்கிறது. அந்த நூலின் முதல் கட்டளை வேடிக்கையானது: சீட்டில் எழுதியிருப்பதும் விதிநூலும் மோதினால் சீட்டு சொல்வதே செல்லும். அடுத்த கட்டளை: ஒரு வாசகம் 'செய்யலாம்' என்றும் இன்னொன்று 'முடியாது' என்றும் சொன்னால், 'முடியாது' வெல்லும். நம் கூட்டுக் குடும்பங்களின் சட்டமும் ஏறக்குறைய அதுதான்.

இப்போது அந்த லைட்னிங் போல்ட்டை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். எதிராளிக்கோ மிருகத்துக்கோ 3 புள்ளி அடி கொடுக்கும் சீட்டு அது. விலை ஒரு சிவப்பு மானா. மானா என்பது மந்திரத்துக்குக் கட்டும் பணம், மேசையில் இருக்கும் நிலச் சீட்டுகளிலிருந்து வருவது. பேரன் சீட்டை இறக்கும்போதே டார்கெட்டை, அதாவது குறியை, சொல்லியாக வேண்டும். 'அடி விழும் நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன்' என்பதற்கு இடமில்லை. அவன் மிருகத்தைக் காட்டினான். அந்த நொடியில் குறி பூட்டப்பட்டுவிட்டது.

பூட்டிய மந்திரம் போய் உட்காரும் இடத்துக்கு ஸ்டாக் என்று பெயர். ஸ்டாக் என்றால் அடுக்கு: காத்திருக்கும் மந்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் இடம். கடைசியாக ஏறியது முதலில் நடக்கும். ஆட்டக்காரர் இருவரும் அடுத்தடுத்து 'எனக்குப் பதில் ஒன்றுமில்லை' என்று விட்டால்தான் மேலே இருப்பது ரிசால்வ் ஆகும். நம் பாஷையில், மந்திரம் பலிக்கும். பேத்தி விட்டுவிடவில்லை. அன்சம்மனைப் போட்டாள். அது போல்ட்டின் மேல் ஏறியது; ஆகவே அதுவே முதலில் பலித்தது. மிருகம் அவள் கைக்குப் போனது.

அடுத்து போல்ட்டின் முறை. பலிக்கும் முன் ஒவ்வொரு மந்திரமும் தன் குறியை இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும் என்பது விதி. குறி இன்னும் அங்கே இருக்கிறதா, குறி வைக்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்று இரண்டே கேள்வி. மிருகம் மேசையில் இல்லை. ஒரே குறி, அதுவும் போயிற்று. ஆகவே போல்ட் பலிக்காமல் கழிவுக் குவியலுக்குப் போகிறது. அந்தக் குவியலைப் பிள்ளைகள் கிரேவ்யார்ட் என்பார்கள், மயானம். கட்டிய மானாவும் திரும்பாது. புதுக் குறி தேடிக்கொள்ளும் உரிமை மந்திரத்துக்கும் கிடையாது, அதை ஏவியவனுக்கும் கிடையாது.

பேத்தி ரொம்பவும் துள்ள வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். அவளுடைய அன்சம்மனும் செலவாகிவிட்டது. ஆளுக்கு ஒரு சீட்டு, ஆளுக்கு ஒரு மானா. ஆனால் மிருகத்தை மறுபடி இறக்க அவள் முழு விலையும் இன்னொரு தடவை கட்ட வேண்டும். அது விலை கூடின மிருகமென்றால், அந்தச் சண்டையில் கணக்குப்படி முன்னே நிற்பது பேரன்.

'கவுண்டர் ஆயிட்டுது' என்றாளே, அதை அவள் மூத்த பிள்ளைகள் யாரிடமாவது படித்திருப்பாள். குறி எல்லாம் போன மந்திரத்தை 'விதியே ரத்து செய்கிறது' என்றுதான் 2018 வரை விதிநூல் சொன்னது. அந்த ஆண்டு ஏப்ரலில் டொமினேரியா என்ற தொகுப்பு வந்தபோது அதை மாற்றினார்கள். இப்போது அப்படிப்பட்ட மந்திரம் ரத்தாவதில்லை. வெறுமனே பலிக்காமல் போகிறது. எப்படியும் சீட்டு மயானத்துக்குத்தானே போகிறது, இதற்கு எதற்கு மயிர் பிளக்கிற வேலை என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. 'உன் மந்திரம் ரத்தானால் நீ ஒரு சீட்டு எடுத்துக்கொள்' என்று சொல்லும் சீட்டுகள் இருக்கின்றன. முல்தானிஸ் பிரசன்ஸ் அப்படி ஒன்று. பழைய விதியில் குறி தப்பினாலும் ஒரு சீட்டு கிடைத்தது; இன்று கிடைக்காது. இன்னொரு பக்கம், 'ரத்து செய்ய முடியாது' என்று எழுதிய மந்திரத்தின் குறி ஓடிவிட்டால் என்ன ஆகும் என்று புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். விதி ரத்து செய்கிறது என்கிறது, சீட்டு முடியாது என்கிறது! அதற்காகவே 2012-இல் வந்த அப்ரப்ட் டிகே என்ற சீட்டில் 'மந்திரங்களாலோ திறன்களாலோ ரத்து செய்ய முடியாது' என்று நீட்டி எழுத வேண்டியிருந்தது. மாற்றத்துக்குப் பிறகு அந்த வால் தேவைப்படவில்லை, வெட்டிவிட்டார்கள்.

ஒரு மந்திரத்துக்கு இரண்டு குறி இருந்து ஒன்று மட்டும் தப்பினால்? மந்திரம் பலிக்கும், மிஞ்சிய குறியை மட்டும் தொடும். இதில்தான் போட்டிக்காரர்களே வழுக்குகிறார்கள். கிரிப்டிக் கமாண்ட் என்று ஒரு சீட்டு, விலை நாலு மானா. நாலு காரியங்களை வரிசையாகக் காட்டி, இரண்டைத் தேர்ந்துகொள் என்னும். நீங்கள் 'எதிராளியின் பொருள் ஒன்றை அவர் கைக்குத் திருப்பு', 'ஒரு சீட்டு எடு' என்ற இரண்டைத் தேர்ந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிராளி கெட்டிக்காரர், இடைவெளியில் அந்தப் பொருளைத் தானே பலி கொடுத்துவிடுகிறார். 'பொருள் போனால் போகட்டும், என் சீட்டை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று கை கட்டின் பக்கம் போகும். எடுக்கக் கூடாது! அந்த மந்திரத்துக்கு இருந்தது ஒரே குறி. அது போனதும் முழு மந்திரமும் பலிக்கவில்லை, குறியே கேட்காத 'ஒரு சீட்டு எடு' உட்பட. நாலு மானாவும் காற்றில். அதே சீட்டில் குறி கேட்கும் இரண்டு காரியங்களைத் தேர்ந்திருந்தால், ஒன்று தப்பியபின் மற்றது நடந்திருக்கும்.

இரண்டாவது சண்டைக்கு வருவோம். பேரனின் மிருகத்தில் எழுதியிருந்தது ஹெக்ஸ்ப்ரூஃப் என்ற சொல்லாக இருக்கும். 2011-இல் இந்தப் பெயரைப் பெற்ற காப்பு அது: எதிராளியின் மந்திரமோ திறனோ இதைக் குறி வைக்க முடியாது, சொந்தக்காரர் தாராளமாக வைக்கலாம். இதைப் படிக்கும் பிள்ளைகள் 'எதிராளியால் இதை ஒன்றும் செய்ய முடியாது' என்று மனதுக்குள் மாற்றிப் படித்துக்கொள்கிறார்கள். காப்பு அவ்வளவு பெரியதல்ல. அது அடைப்பது அறிவிக்கும் கணத்து வாசலை மட்டும். பேத்தி போட்டது ராத் ஆஃப் காட் போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். அந்தச் சீட்டின் வேலை மேசையில் உள்ள எல்லா மிருகங்களையும் அழிப்பது. எல்லாவற்றையும் என்றால் யாரையும் தனியாகக் காட்டத் தேவையில்லை. குறியே இல்லாத இடத்தில் குறிக்கு எதிரான காப்பு என்ன செய்யும்?

சீட்டில் டார்கெட் என்ற சொல் இருந்தால் அது குறி வைக்கிறது; இல்லாவிட்டால் பெரும்பாலும் வைப்பதில்லை. 'தேர்ந்தெடு' என்று மட்டும் எழுதியிருந்தால் தேர்வு பலிக்கும் நேரத்தில்தான் நடக்கும், ஹெக்ஸ்ப்ரூஃப் மிருகத்தையும் தேர்ந்தெடுக்கலாம். விதிவிலக்குகள் உண்டு: ஆரா எனப்படும் ஒட்டுச் சீட்டை மந்திரமாக ஏவும்போது, சொல் கண்ணில் படாவிட்டாலும், அது குறி வைத்தே ஏவப்படுகிறது. இதற்கு மேல் அந்தப் பக்கம் போனால் நீங்கள் 304-க்கே திரும்பிவிடுவீர்கள்.

இனி ரத்து. அதற்கென்றே சீட்டுகள் உண்டு: 1993-இலிருந்து இருக்கும் கவுண்டர்ஸ்பெல், 2006-இல் வந்த கேன்சல். கேன்சலின் வாசகம் ஒரே வரி: குறி வைத்த மந்திரத்தை ரத்து செய். ரத்துச் சீட்டும் குறி வைக்கும் சீட்டுதான். அதன் குறி அடுக்கில் காத்திருக்கும் இன்னொரு மந்திரம். ஆகவே ரத்து வாழ்வது அறிவிப்புக்கும் பலிப்புக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில் மட்டும். மிருகம் மேசையில் இறங்கி நின்றபின் கேன்சலைக் காட்டுவதில் பயனில்லை. அது மந்திரமாக இருந்த காலம் முடிந்துவிட்டது. முன்பெல்லாம் ரத்துச் சீட்டுகளுக்கு இன்டரப்ட் என்று, குறுக்கே பாய்வதற்கான, தனிச் சாதியே இருந்தது. 1999-இல் ஆறாம் பதிப்பு அதை ஒழித்து இன்றைய அடுக்கு முறையைக் கொண்டுவந்தது. நல்ல காரியம், பழைய முறையை விளக்க இன்னொரு இதழ் வேண்டியிருந்திருக்கும்.

ரத்து பற்றி இன்னொரு தப்பெண்ணமும் பரவலாக உண்டு: அடிக்கிறவனைக் கொன்றால் அடி நிற்கும் என்பது. ப்ராடிகல் சோர்சரர் என்று ஒரு கிழட்டு மந்திரவாதிச் சீட்டு. அதைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் யாருக்காவது ஒரு புள்ளி அடி. பேரன் அதைத் திருப்பி, குறியும் சொல்லிவிட்டான். பேத்தி பதிலுக்கு அந்த மந்திரவாதியைக் கொல்கிறாள். ஆள் போய்விட்டார்; அந்த ஒரு புள்ளி அடி அடுக்கில் தனியாக நிற்கிறது, வந்து விழத்தான் செய்யும். அடுக்கில் ஏறிய திறன் தன் சொந்தக்காரரை நம்பி இல்லை. கேன்சலும் அதைத் தடுக்காது, ஏனென்றால் கேன்சல் குறி வைப்பது மந்திரத்தை. இது மிருகத்தின் திறன். திறனை ரத்து செய்ய ஸ்டைஃபிள் போன்ற வேறு சீட்டு வேண்டும்.

'ரத்து செய்ய முடியாது' என்று எழுதிய மந்திரங்களைப் பற்றியும் கேட்பார்கள். சுப்ரீம் வெர்டிக்ட் அப்படி ஒன்று. அதைக் கேன்சலால் குறி வைக்கலாமா என்றால், வைக்கலாம். தடை ரத்துக்குத்தானே தவிர குறிக்கு அல்ல. கேன்சல் பலிக்கும், பலித்தும் ஒன்றும் நடக்காது. முட்டாள்தனமாகத் தோன்றும். ஆனால் ரிமாண்ட் என்ற ரத்துச் சீட்டில் 'ஒரு சீட்டு எடு' என்ற வரியும் உண்டு. குறி செல்லும், ரத்து மட்டும் செல்லாது, ஆகவே அந்தச் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். கிரிப்டிக் கமாண்ட் கதையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: அங்கே குறி தொலைந்தது, எல்லாம் தொலைந்தது, இங்கே குறி இருக்கிறது, முடியாத காரியம் மட்டும் நடக்கவில்லை. 2021-இல் வார்டு என்ற காப்பு வந்து குறி, ரத்து இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டது. வார்டு உள்ள மிருகத்தை எதிராளி குறி வைக்கலாம். வைத்த உடனே அபராதம் கேட்கும், கட்டாவிட்டால் மந்திரம் ரத்து. ரத்து செய்ய முடியாத மந்திரம் என்றால் அபராதம் கட்டாமலே உள்ளே போய்விடலாம்.

பிள்ளைகள் இவ்வளவும் விளங்கியது என்று தலையாட்டினால், கடைசியாக இதைக் கேளுங்கள். பேரன் ஒரு பெரிய மந்திரத்தை ஏவுகிறான். பேத்தி அதைக் குறி வைத்துக் கவுண்டர்ஸ்பெல் போடுகிறாள். பேரன் கையில் மிஸ்டைரக்‌ஷன் இருக்கிறது. ஒரே குறி உள்ள மந்திரம் ஒன்றின் குறியை மாற்றும் சீட்டு. அதைப் போடுகிறான். கவுண்டர்ஸ்பெல்லின் குறியை எதற்கு மாற்றுவான்? கவுண்டர்ஸ்பெல்லை அதற்கே திருப்ப முடியாது, தன்னைத்தானே குறி வைக்க எந்த மந்திரத்துக்கும் அனுமதியில்லை. அடுக்கில் வேறு மந்திரமும் இல்லை. இருக்கிறது! மிஸ்டைரக்‌ஷனே இருக்கிறது. பலித்துக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் அது இன்னும் அடுக்கில்தான் நிற்கிறது. ஆகவே குறியைத் தன் மேலேயே இழுத்துக்கொள்ளலாம். இழுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் மயானத்துக்குப் போய்விடுகிறது. அடுத்து கவுண்டர்ஸ்பெல் தன் குறியைச் சரிபார்க்கிறது. அங்கே யாரும் இல்லை. அது பலிக்காமல் போக, பேரனின் பெரிய மந்திரம் முழுசாக நடக்கிறது. அன்சம்மனால் பேத்தி செய்த அதே வேலையை, மந்திரத்தை வைத்தே செய்வது இது.

வீட்டில் நடுவராக இருக்க விதிநூல் முழுவதும் வேண்டாம். சீட்டு இறங்கும்போதே 'எதைக் குறி வைக்கிறாய்?' என்று உரக்கக் கேளுங்கள். பிறகு மற்றவரிடம் 'பதில் ஏதும் உண்டா?' என்று கேட்டு, இல்லை என்ற பிறகே காரியத்தை நடக்க விடுங்கள். சீட்டு பழையதென்றால் அதில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம்; ஆரக்கிள் என்று நிறுவனம் புதுப்பித்து வைத்திருக்கும் இன்றைய வாசகமே போட்டிகளில் செல்லும். பழைய கவுண்டர்ஸ்பெல்லில் இன்டரப்ட் என்றே அச்சாகியிருக்கும், இன்று அதை இன்ஸ்டன்ட் என்று, அதாவது எந்த நேரமும் போடக்கூடிய மந்திரம் என்று, படிக்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதற்கு உங்கள் ஊரே சாட்சி: முதல் கையில் வந்த 7 சீட்டு பிடிக்காவிட்டால் கலைத்து மறுபடி ஏழு எடுத்து, கலைத்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சீட்டைக் கட்டின் அடியில் வைக்கும் இன்றைய முறைக்கு லண்டன் மல்லிகன் என்று பெயர். 2019 ஏப்ரலில் லண்டனில் நடந்த பெரிய போட்டியில்தான் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஜூலையிலேயே எல்லோருக்கும் விதியாயிற்று.